நூற்றறுபது புள்ளி

மெஷின் நூற்றறுபது டிகிரி ஏறுவதற்குள்
ஒரு டீ குடித்துவிடலாம்.
இரண்டாவது டீக்குப் போனால் கரன்ட் போயிருக்கும்.
மஞ்சக்குப்பத்தில் என் கடை பத்துக்கு எட்டு.
ஜெராக்ஸ் கடைக்கும் எனக்கும் ஒரே சுவர்,
அவர்கள் மெஷினைப் போட்டால்
என் ட்யூப்லைட் கண்ணடிக்கும்.

திருப்பூரிலிருந்து பார்சலில் வரும் டி-ஷர்ட்டுகள்
வெறும் முதுகோடு வருகின்றன.
எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல்
திருப்பிப் போட்டுத்தான் வெட்ட வேண்டும்.
அதை மறந்த ஆரம்ப நாளில்
ஒரு கபடி அணி முழுக்க இடவலம் மாறிப்போனது.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அந்த வருஷம் அவர்கள்தான் ஜெயித்தார்கள்.
இப்போது தமிழை வலமிருந்து இடமாகவும்
தடுக்காமல் படிக்கிறேன்.

வெட்டுவது மெஷின். உரிப்பது நான்.
வேண்டாத வினைலை ஊசிமுனையில் தூக்கி இழுக்கையில்
கொம்பு வராது, கால் வராது,
சுழிகூடக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும்.
புள்ளிதான்
யார் கூப்பிட்டாலும் கூடவே போகும் பிள்ளை.
ராத்திரி சோறு போடும்போது
"கன்னத்துல என்ன, மையா?" என்பார் வீட்டுக்காரர்.
தொட்டுப் பார்த்தால்
யார் பெயரிலோ ஒரு ன் தலையில் இருந்தது.

வைகாசியில் பரந்தாமன் வந்தார்.
ஆனியில் கல்யாணம். முப்பத்திரண்டு டி-ஷர்ட்,
கடல்நீலம், முதுகில் வெள்ளையில்
மாப்பிள்ளை நண்பர்கள்.
முன்பணம் மூவாயிரம்.
சட்டைக்கு ஐந்து புள்ளி,
விரல்விட்டு எண்ணினேன், மொத்தம் நூற்றறுபது.
சூடும் நூற்றறுபது என்பதில்
எனக்கு அன்றைக்கு ஒரு சின்ன சந்தோஷம்.
யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து நொடி அழுத்தம். பீப்.
ஆறவிட்டு உரிக்க வேண்டும்,
சூட்டோடு இழுத்தால்
எழுத்து துணியை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடும்.
முப்பத்தொன்று நன்றாக வந்தது.
கடைசிச் சட்டையில்
நண்பரகள்.
தரையில் தேடினேன், முழங்கையில் தேடினேன்,
டீ கிளாஸைத் தூக்கி அடியில் பார்த்தேன்.

மறுநாள் போன். கல்யாணம் நின்றுவிட்டது.
யார் நிறுத்தியது என்று நான் கேட்கவில்லை.
மீதிப் பணம் பற்றி அவரும் பேசவில்லை.

ஒட்டியதைக் கழற்ற ஒரு திரவம் விற்கிறார்கள்.
எழுத்து போகும், எழுத்தின் தடம் போகாது.
ஆடி முழுக்க அலமாரியில் கிடந்தன.
ஐஸ் லோடு அடிக்கும் கலியமூர்த்தி
"படிக்கவா போறோம், போட்டுக்கத்தானே"
என்று பாதி விலைக்கு முப்பத்தொன்றையும்
சோனங்குப்பத்துக்கு எடுத்துப்போனார்.

ஆவணியிலிருந்து துறைமுகத்தில்
மாப்பிள்ளை நண்பர்கள் வலை இழுத்தார்கள்,
கூடை சுமந்தார்கள், வஞ்சிரத்துக்கு ஏலம் கூவினார்கள்.
இரண்டு மாப்பிள்ளை நண்பர்கள்
ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கியும்
ஒரு புள்ளிகூடப் பெயரவில்லை என்று
கலியமூர்த்தி வந்து சொன்னபோது
டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
பரந்தாமன் வாசலில் குடையை மடக்கினார்.
முதுநகருக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகு.
"ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
தகரத்தின் மேல் அவ்வளவு சத்தம்.
"அதுல ஒண்ணு பாக்கி இருக்கா?"

இருந்தது. ர் இல்லாதது.
மெஷின் துடைக்கலாம் என்று எடுத்து வைத்து
மனசு வராமல் விட்டிருந்தேன்.
சைஸ் மீடியம். அவர் எக்ஸெல்.
ஒரு புள்ளி வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றேன்.
திரையில் நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று.
"இருக்கட்டும்."
மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.
விலை கேட்டார். முன்பணத்தில் கழிந்தது என்றேன்.

எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்:
உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைங்க.
எழுத்து மேல இஸ்திரி படக் கூடாது.
வெயில் வேண்டாம், நிழல்ல காயட்டும்.